பெர்லின் தேவாலயங்கள்: இடிந்தவை, இடிக்கப்பட்டவை, எழுப்பப்பட்டவை

பெர்லின் என்றதும் நமக்கு உடனே ஞாபகத்துக்கு வருவது ஹிட்லரும் பெர்லின் சுவரும்தான். தேவாலயம் பார்க்க வேண்டுமென்றால் ரோமுக்குப் போ, பாரிசுக்குப் போ என்றுதான் யாரும் சொல்வார்கள். பெர்லினுக்குப் போ என்று சொல்ல மாட்டார்கள். காரணம் எளிது. இரண்டாம் உலகப் போரில் குண்டு விழாத தேவாலயம் என்று பெர்லினின் மையப்பகுதியில் தேடித்தான் பார்க்க வேண்டும். இன்று நாம் பார்க்கும் பழைய தேவாலயங்களில் பெரும்பாலானவை போருக்குப் பிறகு மீண்டும் கட்டப்பட்டவை, அல்லது பாதி கட்டப்பட்டவை, அல்லது வேண்டுமென்றே உடைந்தபடியே விடப்பட்டவை.

ஆனால் வரலாறு படிப்பவர்களுக்கு இதுதான் பெர்லினின் சிறப்பு என்று நான் சொல்வேன். ரோமில் ஒரு தேவாலயத்தைப் பார்த்தால் அதை யார் கட்டினார்கள் என்று கேட்போம். பெர்லினில் அதோடு இன்னும் மூன்று கேள்விகள் சேர்ந்துகொள்ளும். யார் இடித்தது? யார் திரும்பக் கட்டியது? ஏன் அப்படிக் கட்டினார்கள்? இந்தக் கேள்விகளோடு பெர்லினின் சில தேவாலயங்களை ஒரு சுற்று சுற்றி வருவோம்.

ஊரின் பிறப்புச் சான்றிதழ்

பெர்லின் ஆரம்பத்தில் ஒரே ஊராக இருக்கவில்லை. ஸ்ப்ரே ஆற்றின் ஒரு பக்கம் பெர்லின், நடுவில் இருந்த தீவில் கோல்ன் என்று இரட்டை ஊர்களாக இருந்தன. இந்த ஊர்களைப் பற்றிக் கிடைத்திருக்கும் முதல் எழுத்துச் சான்று 1237-ஆம் ஆண்டு ஆவணம். அதில் ஊரைப் பற்றிய வர்ணனை எதுவும் இல்லை. சாட்சிகளின் பட்டியலில் "கோல்ன் ஊரின் குரு சிமியோன்" என்று ஒரு பெயர் இருக்கிறது, அவ்வளவுதான்! அந்த ஒரு பாதிரியாரின் பெயரை வைத்துத்தான் இன்றுவரை பெர்லின் தன் பிறந்தநாளைக் கணக்குப் போடுகிறது. அவர் பணியாற்றிய இடம் புனித பேதுரு ஆலயம். அந்த ஆலயத்துக்கு என்ன ஆனது என்பதைக் கடைசியில் பார்ப்போம்.

ஆற்றின் மறுபக்கம், பெர்லின் ஊரின் மிகப் பழைய தேவாலயம் புனித நிக்கோலஸ் ஆலயம். நிக்கோலாய்கிர்ஷே என்பார்கள். இதன் அடிப்பகுதி 1230-ஆம் ஆண்டையொட்டியது. வடக்கு ஜெர்மனியில் கட்டடத்துக்கு ஏற்ற பாறை அதிகம் கிடையாது. வயலில் கிடந்த கருங்கல் துண்டுகளையும், பிறகு சுட்ட செங்கல்லையும் வைத்துத்தான் கட்டினார்கள். அதனால்தான் அந்தப் பகுதிப் பழைய தேவாலயங்களில் பல சிவப்பு நிறத்தில் இருக்கின்றன. இன்று படங்களில் தெரியும் இரட்டைக் கோபுரம் 1870-களில் வைத்தது. அதற்கு முன் ஒரே கோபுரம்தான்.

1539-ல் பிராண்டன்பர்க் அரசு லூத்தரின் வழிக்கு மாறியபோது, பெர்லின் நகரசபையினர் அந்தப் புதிய முறைப்படி திருவிருந்து பெற்றுக்கொண்டது இங்கேதான். அத்தோடு சண்டை முடிந்துவிடவில்லை. 1613-ல் ஆட்சியாளர் குடும்பம் லூத்தரை விட்டு கால்வின் வழிக்குப் போய்விட்டது. மக்கள் லூத்தரன், மன்னர் கால்வினிஸ்ட்! இரண்டு தரப்புப் போதகர்களும் மேடையில் ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டார்கள். 1664-ல் ஆட்சியாளர் பிரெடெரிக் வில்லியம், இனி யாரும் யாரையும் பிரசங்கத்தில் தாக்கக் கூடாது என்று ஆணை போட்டு, போதகர்களிடம் கையெழுத்துக் கேட்டார். நிக்கோலஸ் ஆலயப் போதகராக இருந்த பால் கெர்ஹார்ட் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். 1666-ல் பதவி போனது. இவர் ஜெர்மன் மொழியின் மிகப் பெரிய கீர்த்தனை ஆசிரியர்களில் ஒருவர். அவருடைய பாடல்களுக்கு இசையமைத்த யோஹான் குரூகர் இதே ஆலயத்தில் 40 ஆண்டுகள் இசைத் தலைவராக இருந்தவர்.

இதில் யோசிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. ஆணை சகிப்புத்தன்மைக்கான ஆணை. மறுத்தவரோ மனசாட்சிக்காக மறுத்தவர். யார் பக்கம் நியாயம்? பெர்லின் தேவாலயங்களில் இப்படிப்பட்ட கேள்விகள்தான் அடிக்கடி வரும்.

போரில் நிக்கோலஸ் ஆலயம் எரிந்தது. 1949-ல் மிச்சமிருந்த உள்வளைவுகளும் விழுந்தன. முப்பது ஆண்டுகள் மொட்டைச் சுவராக நின்றது. பிறகு கிழக்கு ஜெர்மனியின் கம்யூனிஸ்ட் அரசு, பெர்லினின் 750-வது பிறந்தநாளுக்காக 1987-க்குள் இதைத் திரும்பக் கட்டி முடித்தது. வழிபாட்டுக்கு அல்ல, அருங்காட்சியகமாக. சுற்றிலும் பழைய கால வீடுகள் போலவே வீடுகளும் கட்டினார்கள். அந்தத் தெருக்களில் நடந்தால் இடைக்காலத்தில் நடப்பது போல இருக்கும், ஆனால் பல வீடுகளுக்கு வயது நாற்பதைச் சுற்றித்தான்! 1991 ஜனவரியில், ஒன்றிணைந்த பெர்லின் தேர்ந்தெடுத்த நகர சட்டமன்றம் முதன்முதலாகக் கூடியது இந்த ஆலயத்தில்தான். 1809-ல் பெர்லினின் முதல் தேர்ந்தெடுக்கப்பட்ட நகரசபை பதவியேற்றதும் இங்கேதான் என்பதால் இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள்.

மரியன்னை ஆலயம்: ஒரு கொலை, ஒரு நடனம், ஒரு விருந்தாளி

அலெக்சாண்டர்பிளாட்சில் 368 மீட்டர் உயரத் தொலைக்காட்சிக் கோபுரம் இருக்கிறது. அதன் காலடியில், எந்தத் தெருவோடும் ஒட்டாமல் சற்றே கோணலாக ஒரு பழைய ஆலயம் நிற்கும். அதுதான் மரியன்கிர்ஷே. அது கோணல் இல்லை. அதைச் சுற்றி இருந்த பழைய சந்தையும் தெருக்களும் போய்விட்டன, அவ்வளவுதான். ஆலயம் மட்டும் இல்லாத ஊருக்கு நேராக நிற்கிறது.

13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆவணங்களில் வரும் ஆலயம் இது. இன்றும் வழிபாடு நடக்கிறது. வாசலருகே ஒரு சிறிய கல் சிலுவை இருக்கும், கவனிக்காமல் போய்விடாதீர்கள். 1320-களில் போப்புக்கும் ஜெர்மன் அரசருக்கும் நடந்த தகராறில், போப்பின் பக்கம் பேசிய நிக்கோலஸ் என்ற பெர்னாவ் ஊர் குருவை பெர்லின் மக்கள் இந்த இடத்தில் அடித்துக் கொன்றுவிட்டார்கள். தண்டனையாக ஊர் முழுவதும் சுமார் இருபது ஆண்டுகள் திருச்சபைத் தடையின் கீழ் இருந்தது. இதை இன்றைய மனதோடு பார்த்தால் பெரிதாகத் தெரியாது. அன்றைய மனிதருக்கோ பூசையும் முறையான அடக்கமும் மறுக்கப்படுவது சாவை விடக் கொடுமை. அபராதம் கட்டி, பலிபீடம் வைத்து, இந்தச் சிலுவையை நட்டுத்தான் ஊர் மன்னிப்பு வாங்கியது.

உள்ளே நுழைந்ததும் கோபுரத்தின் அடியில் உள்ள கூடத்தில் ஒரு சுவரோவியம். சுமார் 22 மீட்டர் நீளம். பெயர் மரண நடனம். 15-ஆம் நூற்றாண்டின் கடைசியில், கொள்ளைநோய்க் காலத்தில் வரைந்தது. ஒரு பக்கம் குருமார்கள், மறு பக்கம் பேரரசர் முதல் சாதாரண மக்கள் வரை. ஒவ்வொருவர் கையையும் மரணம் பிடித்துக்கொண்டு ஆடுகிறது. நடுவில் சிலுவையில் இயேசு. பிற்காலத்தில் இதன் மேல் சுண்ணாம்பு அடித்து மறைத்துவிட்டார்கள். 1860-ல் ஸ்ட்யூலர் என்ற கட்டடக்கலைஞர்தான் மீண்டும் கண்டுபிடித்தார். இப்போது மிகவும் மங்கிப்போய்விட்டது. ஆனாலும் அந்த வரிசையின் முன் நின்றால், பதவி எதுவானாலும் கடைசியில் கதை ஒன்றுதான் என்று 500 ஆண்டுகளுக்கு முன் யாரோ சொன்னது இன்னும் காதில் விழும்.

இந்த ஆலயத்தின் இன்னொரு நாள் 1964 செப்டம்பர் 13. மேற்கு பெர்லின் மேயர் வில்லி பிராண்ட்டின் அழைப்பில் மார்ட்டின் லூதர் கிங் பெர்லின் வந்திருந்தார். சுவர் எழுப்பி மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. அன்று அதிகாலையில்தான் சுவரைத் தாண்ட முயன்ற ஒரு இளைஞன் சுடப்பட்டுக் காயமடைந்திருந்தான். கிங் அந்த இடத்தைப் போய்ப் பார்த்தார். மாலையில் சுவருக்கு அந்தப் பக்கம், கிழக்கு பெர்லினில் பேசப் புறப்பட்டார். கையில் பாஸ்போர்ட் இல்லை. எல்லைக் காவலர்களிடம் தன் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் கார்டைக் காட்டித்தான் உள்ளே போனார்! கிழக்கில் எந்த விளம்பரமும் கிடையாது. வாய்வழிச் செய்தி மட்டுமே. ஆனாலும் மரியன்னை ஆலயம் நிரம்பி வழிந்தது. இடமில்லாமல் திரும்பியவர்களுக்காக அருகிலுள்ள சோபியா ஆலயத்தில் மறுபடியும் பேசினார். பெயரிலேயே மார்ட்டின் லூதரைச் சுமந்த ஒரு கறுப்பினப் போதகர், லூத்தரின் நாட்டில், கடவுளே இல்லை என்று சொல்லும் அரசின் தலைநகரில் பிரசங்கம் செய்தது வரலாற்றின் அழகான சந்தர்ப்பங்களில் ஒன்று.

அகதிகள் கட்டிய ஆலயம், போரில் பிறந்த ஆலயம்

1685-ல் பிரான்ஸ் மன்னர் 14-ஆம் லூயி, புராட்டஸ்டண்ட் மக்களுக்கு இருந்த வழிபாட்டு உரிமையை ரத்து செய்தார். அதே ஆண்டு பிராண்டன்பர்க்கில் பிரெடெரிக் வில்லியம் (போதகர்களிடம் கையெழுத்துக் கேட்டாரே, அவரேதான்) போட்ஸ்டாம் ஆணையை வெளியிட்டு, வாருங்கள், நிலம் தருகிறேன், வரிச்சலுகை தருகிறேன் என்று அவர்களை அழைத்தார். சுமார் 20,000 ஹ்யூகெனோக்கள் வந்து சேர்ந்தார்கள். 1700 வாக்கில் பெர்லின்வாசிகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் பிரெஞ்சுக்காரர்! அழைத்தது கருணையால் மட்டும் அல்ல. முப்பதாண்டுப் போரில் நாடு காலியாகிக் கிடந்தது. நெசவு தெரிந்தவர்கள், கடிகாரம் செய்யத் தெரிந்தவர்கள், தோட்டக்கலை தெரிந்தவர்கள் தேவைப்பட்டார்கள்.

ஜாண்டார்மன்மார்க்ட் சதுக்கத்தில் அவர்கள் 1701 முதல் 1705 வரை கட்டிய பிரெஞ்சு ஆலயம் இருக்கிறது. பாரிசுக்கு அருகே சரான்டோன் என்ற ஊரில் இருந்த தங்கள் ஆலயத்தை மாதிரியாக வைத்துத்தான் கட்டினார்கள். அந்த மூல ஆலயம் லூயியின் ஆணைக்குப் பின் தரைமட்டமாக்கப்பட்டிருந்தது. ஆக, பிரான்சில் இடித்ததை பெர்லினில் எழுப்பினார்கள். பக்கத்தில் நிற்கும் உயரமான குவிமாடக் கோபுரம் 1780-களில் அழகுக்காகச் சேர்த்தது, அதற்குள் வழிபாட்டு இடமே கிடையாது. உண்மையான ஆலயம் அதன் பின்னால் அடக்கமாக இருக்கிறது. படம் எடுப்பவர்களில் பலர் கோபுரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள்.

அங்கிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் பேபல்பிளாட்ஸ். 1933 மே 10 அன்று நாஜி மாணவர்கள் புத்தகங்களை எரித்த சதுக்கம் இதுதான். அதன் மூலையில் பச்சைக் குவிமாடத்தோடு புனித ஹெட்விக் பேராலயம். மாமன்னர் என்று சொல்லப்படும் 2-ஆம் பிரெடெரிக், கத்தோலிக்கர்கள் நிறைந்த சிலேசியாவைப் போரில் பிடித்த பிறகு, அந்த மக்களைச் சமாதானப்படுத்தும் விதமாகத் தன் தலைநகரில் கத்தோலிக்க ஆலயம் கட்ட நிலம் கொடுத்தார். ஹெட்விக் சிலேசியாவின் பாதுகாவலர். ரோமின் பாந்தியன் போன்ற வட்ட வடிவம். 1747-ல் தொடங்கி, பணம் இல்லாமல் இழுத்து இழுத்து 1773-ல்தான் அர்ச்சிப்பு நடந்தது.

இந்தப் பேராலயத்தின் பெயரை நான் மறக்க முடியாதபடி செய்தவர் பெர்ன்ஹார்ட் லிக்டன்பர்க். 1938 நவம்பரில் ஜெர்மனி முழுவதும் யூதர்களின் ஜெபக்கூடங்கள் கொளுத்தப்பட்டன. அதன் பின் இந்தப் பேராலயத்தின் குருவான லிக்டன்பர்க், மாலை ஜெபத்தில் யூதர்களுக்காகவும் வதைமுகாம் கைதிகளுக்காகவும் பகிரங்கமாக ஜெபிக்கத் தொடங்கினார். ஒரு நாள் இரண்டு நாள் அல்ல, ஏறக்குறைய மூன்று ஆண்டுகள்! கடைசியில் ஆலயத்துக்கு வந்த இரண்டு மாணவிகள் அதைக் கேட்டுவிட்டுக் காட்டிக்கொடுத்தார்கள். 1941 அக்டோபரில் கைது. இரண்டு ஆண்டு சிறை முடிந்தும் விடவில்லை. டாஹாவ் முகாமுக்குக் கொண்டுபோகும் வழியில், 1943 நவம்பர் 5 அன்று, 67 வயதில் இறந்தார். 1996-ல் போப் 2-ஆம் ஜான் பால் பெர்லினிலேயே இவருக்கு முக்திப்பேறு பட்டம் அளித்தார். 2004-ல் இஸ்ரேலின் யாட் வாஷெம் நிறுவனமும் கௌரவித்தது.

நிலத்தைக் கொடுத்தது அரசியல் கணக்கு. அந்த நிலத்தில் நின்று ஒரு மனிதர் செய்ததோ எந்தக் கணக்குக்கும் அடங்காதது.

1943-ல் பேராலயம் குண்டில் எரிந்தது. 1963-ல் புதிய உள்ளமைப்போடு முடித்தார்கள். நடுத்தரையில் ஒரு பெரிய திறப்பு, அதன் வழியே கீழ் ஆலயத்துக்குப் படிகள். பலர் அதைக் கலைப்படைப்பு என்றார்கள், பலர் வழிபாட்டுக்கு இடைஞ்சல் என்றார்கள். நீண்ட வழக்கு வம்புகளுக்குப் பின் 2018-ல் மூடி, திறப்பை அடைத்து, நடுவில் பலிபீடம் வைத்து, 2024 நவம்பரில் மறுபடி திறந்தார்கள். ஒரே கட்டடத்துக்கு நூறு ஆண்டுகளுக்குள் மூன்று உட்புறங்கள்!

எல்லாத் தேவாலயமும் லிக்டன்பர்க்கின் தேவாலயம் அல்ல

இதைச் சொல்லாமல் விட்டால் நேர்மையாக இருக்காது. பெர்லினின் தெற்கே மாரியன்டார்ஃப் பகுதியில் மார்ட்டின் லூதர் நினைவு ஆலயம் இருக்கிறது. 1933 முதல் 1935 வரை கட்டியது. வருடத்தைப் பார்த்தாலே புரியும். உள்ளே அலங்கார வளைவில் சுமார் 800 சுடுமண் ஓடுகள். கிறிஸ்தவ சின்னங்களுக்கு நடுவே நாஜி கால அடையாளங்கள். மேலே தொங்கும் விளக்கு இரும்புச் சிலுவை வடிவம். பிரசங்க மேடையில் செதுக்கிய சிற்பத்தில் தலைக்கவசம் அணிந்த சிப்பாய் இருக்கிறார். போருக்குப் பிறகு ஸ்வஸ்திகாக்களை மட்டும் எடுத்துவிட்டு மற்றதை அப்படியே விட்டிருக்கிறார்கள். இதை இடித்திருக்க வேண்டாமா என்று கேட்கத் தோன்றும். ஆனால் இது இல்லாவிட்டால், திருச்சபை முழுவதும் எதிர்த்து நின்றது என்று ஒரு பொய்யை நம்புவது எவ்வளவு சுலபமாகிவிடும்! புராட்டஸ்டண்ட் சபைக்குள்ளேயே "ஜெர்மன் கிறிஸ்தவர்கள்" என்ற பிரிவு ஹிட்லரை வாழ்த்தியது என்பதற்கு இந்தச் சுவர்களே சாட்சி.

மன்னர்களின் இரண்டு ஆலயங்கள்

அருங்காட்சியகத் தீவில் இருக்கும் பெர்லின் பேராலயத்தைப் பார்த்தால் மிகப் பழையது என்று நினைப்பீர்கள். உண்மையில் 1894 முதல் 1905 வரை கட்டியது. பேரரசர் 2-ஆம் வில்லியம், அங்கிருந்த அடக்கமான பழைய ஆலயத்தை இடித்துவிட்டு, கத்தோலிக்கர்களுக்கு ரோமில் புனித பேதுரு பேராலயம் இருப்பது போல் புராட்டஸ்டண்டுகளுக்கும் ஒன்று வேண்டும் என்று கட்டினார். 7,000-க்கும் மேற்பட்ட குழல்கள் கொண்ட ஆர்கன், கீழே ராஜ குடும்பத்தின் 90-க்கும் மேற்பட்ட சவப்பெட்டிகள். கட்டி முடித்து 13 ஆண்டுகளில் முடியாட்சியே போய்விட்டது!

1944 மே மாதம் குவிமாடத்தில் குண்டு விழுந்தது. எதிரே இருந்த அரண்மனையை 1950-ல் கிழக்கு ஜெர்மனி அரசு வெடிவைத்துத் தகர்த்தது. பேராலயம் தப்பியது. 1975-ல் மேற்கு ஜெர்மன் சபைகளின் பணத்தில் மறுகட்டுமானம் தொடங்கியது, ஆனால் மன்னர்களைப் போற்றும் நினைவு ஆலயப் பகுதியை இடித்துவிட்டார்கள். குவிமாடமும் முன்பை விட எளிமையாக, உயரம் குறைவாக அமைந்தது. 1993-ல் முழுமையாகத் திறந்தபோது, வேலையைத் தொடங்கிய நாடே இல்லை.

இதே 2-ஆம் வில்லியம் தன் தாத்தாவின் நினைவாக 1895-ல் கட்டிய இன்னொரு ஆலயம் நகரின் மேற்கில் இருக்கிறது. அதுதான் பேரரசர் வில்லியம் நினைவு ஆலயம். 113 மீட்டர் கோபுரம். 1943 நவம்பர் 23 இரவில் குண்டுவீச்சில் சிதைந்தது. 1957-ல் எகான் ஐயர்மன் என்ற கட்டடக்கலைஞர், மிச்சத்தை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவோம் என்றார். பெர்லின் மக்கள் பொங்கி எழுந்தார்கள். பத்திரிகைகளுக்குக் கடிதங்கள் குவிந்தன. மன்னர் மேல் பாசம் வந்துவிட்டதா என்ன? இல்லை. அந்த உடைந்த கோபுரம் அவர்களுடைய சொந்த வாழ்க்கையின் படமாகிவிட்டிருந்தது. "பொத்தைப் பல்" என்று செல்லப்பெயரும் வைத்திருந்தார்கள். கடைசியில் ஐயர்மன் இறங்கிவந்தார். உடைந்த கோபுரத்தை நடுவில் விட்டு, அதன் இரு பக்கமும் எண்கோண ஆலயத்தையும் அறுகோண மணிக்கூண்டையும் கட்டினார். 1961 டிசம்பரில் திறப்பு. அதற்கும் மக்கள் பெயர் வைக்காமல் விடவில்லை: "உதட்டுச்சாயமும் பவுடர் டப்பாவும்"!

வெளியிலிருந்து பார்த்தால் சிமெண்ட் பெட்டி போலத்தான் இருக்கும். உள்ளே போய்ப் பார்க்க வேண்டும். பிரான்சின் ஷார்த்ர் நகரில் கப்ரியேல் லுவார் செய்த 20,000-க்கும் மேற்பட்ட கண்ணாடித் துண்டுகள் நான்கு பக்கமும் நீலமாக ஒளிரும். சுவர் இரட்டைச் சுவர் என்பதால் வெளியே ஓடும் வண்டிகளின் சத்தம் பெரிதாகக் கேட்காது. உள்ளே ஒரு கரிக்கோல் ஓவியம் இருக்கிறது. 1942 கிறிஸ்துமஸ் அன்று, ஸ்டாலின்கிராட் முற்றுகையில் சிக்கிய ராணுவ மருத்துவரும் போதகருமான குர்ட் ராய்பர், ஒரு ரஷ்ய வரைபடத்தின் பின்பக்கத்தில் வரைந்த தாயும் குழந்தையும். அவர் 1944-ல் போர்க்கைதியாகவே இறந்துபோனார். பழைய கோபுரத்தின் கீழே, 1940-ல் ஜெர்மன் விமானங்கள் அழித்த கவென்ட்ரி பேராலயத்தின் ஆணிகளால் செய்த சிலுவை. குண்டு போட்டவர்களும் குண்டு வாங்கியவர்களும் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்ட பொருட்கள் இவை. ஓவியத்தின் நகல்கள் கவென்ட்ரியிலும், இன்று வோல்கோகிராட் என்று சொல்லப்படும் ஸ்டாலின்கிராடிலும் இருக்கின்றன.

2016 டிசம்பர் 19 அன்று இந்த ஆலயத்தின் அருகே கிறிஸ்துமஸ் சந்தைக்குள் ஒரு பயங்கரவாதி லாரியை ஓட்டினான். அந்தத் தாக்குதலில் 12 பேர் இறந்தார்கள். காயமடைந்த இன்னொருவர் 2021-ல் இறந்தார். ஆலயப் படிக்கட்டுகளில் அவர்கள் பெயர்களோடு ஒரு தங்க நிற விரிசல் ஓடுகிறது. அதை மிதிக்காமல் போங்கள்.

ஒப்புரவு என்ற பெயருள்ள ஆலயம்

கடைசியாக, நீங்கள் ஒரே ஒரு இடம்தான் போக முடியும் என்றால் நான் சொல்லும் இடம் பெர்னாவர் தெரு. இங்கே 1894-ல் ஒப்புரவு ஆலயம் என்று ஒன்று கட்டினார்கள். 1961 ஆகஸ்ட் 13-ல் எல்லை மூடப்பட்டபோது ஆலயம் கிழக்கில் மாட்டிக்கொண்டது, சபை மக்களில் பெரும்பாலோர் மேற்கில். அந்த ஆண்டு அக்டோபரோடு ஆராதனை நின்றது. இரண்டு சுவர்களுக்கு நடுவே, யாரும் கால் வைக்க முடியாத மரண வளையத்தில், 23 ஆண்டுகளுக்கு மேல் தனியாக நின்றது. கோபுரத்தில் எல்லைக் காவலர்கள்தான் ஏறினார்கள்.

1985 ஜனவரி 22-ல் ஆலயத்தையும், 28-ல் கோபுரத்தையும் கிழக்கு ஜெர்மனி அரசு வெடிவைத்துத் தகர்த்தது. சொன்ன காரணம் எல்லையில் பாதுகாப்பு, ஒழுங்கு, சுத்தம். போர்க் குண்டுகள் விட்டுவைத்ததைச் சமாதான காலத்தில், அதுவும் ஒப்புரவு என்ற பெயருள்ளதை, தகர்த்தார்கள். நாலே நாலு ஆண்டுகள் பொறுத்திருந்தால் சுவரே இல்லை!

அந்தச் சுவர் விழுந்ததில் தேவாலயங்களுக்கும் பங்கு உண்டு. கிழக்கு ஜெர்மனியில் அரசின் அனுமதி இல்லாமல் ஓரளவு கூடிப் பேச முடிந்த இடம் தேவாலயம் ஒன்றுதான். "சபை உபயோகத்துக்கு மட்டும்" என்று அச்சிட்டால் சிறு பத்திரிகைகூட நடத்தலாம். டீட்ரிக் போன்ஹோஃபர் 1930-களின் ஆரம்பத்தில் ஏழைப் பையன்களுக்கு வகுப்பு எடுத்த சியோன் ஆலயத்தின் சபைக் கட்டடத்தில், 1986-ல் சுற்றுச்சூழல் நூலகம் ஒன்றை இளைஞர்கள் தொடங்கினார்கள். 1987 நவம்பரில் ரகசியப் போலீஸ் அங்கே இரவில் புகுந்து சிலரைக் கைது செய்தது. ஆலய வாசலில் மெழுகுவர்த்தியோடு மக்கள் நின்றார்கள். செய்தி மேற்கு வரை பரவ, கைதானவர்களை விட வேண்டியதாயிற்று. 1989 அக்டோபரில் கெத்செமனே ஆலயம் இரவும் பகலும் திறந்திருந்தது. அக்டோபர் 7-ல் அந்த அரசின் 40-வது ஆண்டு விழா நடந்தபோது, பக்கத்துத் தெருக்களில் போலீஸ் ஊர்வலக்காரர்களை அடித்து வண்டியில் ஏற்றியது. அடிபட்டவர்கள் சொன்னதை அந்த ஆலயத்தில்தான் பதிவு செய்தார்கள். ஒரு மாதத்தில் சுவர் திறந்தது.

நிலம் சபைக்குத் திரும்பக் கிடைத்ததும் புதிய சிற்றாலயம் கட்ட முடிவானது. கட்டடக்கலைஞர்கள் முதலில் கான்கிரீட் என்றார்கள். சபை மக்கள் வேண்டாம் என்றார்கள். சுவர் கான்கிரீட், கான்கிரீட்டை நாங்கள் போதுமான அளவு பார்த்துவிட்டோம் என்பது அவர்கள் நிலை. ஆகவே மண்! நம் ஊர் மண் சுவர் போலவே, மண்ணை அடுக்கடுக்காகக் கொட்டித் திமிசு போட்டு இடித்து எழுப்பிய சுவர். பழைய ஆலயத்தின் செங்கல் உடைசல்களைப் பொடித்து அந்த மண்ணில் கலந்தார்கள். சுவரை உற்றுப் பார்த்தால் அந்தச் சிவப்புத் துண்டுகள் தெரியும். 2000 நவம்பர் 9-ல் திறந்தார்கள். தகர்ப்பில் தெறித்து விழுந்து வளைந்துபோன கோபுரச் சிலுவை வெளியே இருக்கிறது. பழைய மணிகள் ஒரு மரச்சட்டத்தில் தொங்குகின்றன. காவலர்கள் நடமாடிய மரண வளையத்தில் இப்போது கம்பு போன்ற ரை தானியம் விதைத்து அறுக்கிறார்கள். மதிய ஜெபத்தில், சுவரில் உயிரிழந்த குறைந்தது 140 பேரில் ஒருவருடைய வாழ்க்கையை வாசிக்கிறார்கள்.

யார் தீர்மானிப்பது?

இப்போது அந்த புனித பேதுரு ஆலயத்துக்கு வருவோம். போரில் சிதைந்த அதன் மிச்சத்தை 1960-களில் இடித்து அகற்றி, வண்டி நிறுத்துமிடம் ஆக்கினார்கள். ஊரின் பிறப்பிடம் பார்க்கிங்! 2007-க்குப் பிறகு அங்கே தோண்டியபோது 3,000-க்கும் மேற்பட்ட கல்லறைகளும் பழைய அடித்தளங்களும் கிடைத்தன. அந்த இடத்தில் கிறிஸ்தவர், யூதர், முஸ்லிம்கள் மூவருக்கும் ஒரே கட்டடத்தில் தனித்தனி வழிபாட்டிடம் அமைக்கும் திட்டத்துக்கு 2021 மே 27-ல் அடிக்கல் நாட்டினார்கள்.

நான் இங்கே சொன்ன ஆலயங்களை வரிசையாக யோசித்துப் பாருங்கள். ஆட்சியாளர்கள் தனியாக முடிவெடுத்த இடங்களில் ஒன்று பிரம்மாண்டம் வந்திருக்கிறது, இல்லை வெடிமருந்து வந்திருக்கிறது. மக்கள் குறுக்கே வந்து, கோபுரத்தை இடிக்காதே, கான்கிரீட் வேண்டாம் என்று சொன்ன இரண்டு இடங்களும்தான் இன்று பெர்லினில் மனதை அதிகம் தொடும் இரண்டு ஆலயங்கள். பழைய கட்டடத்தை என்ன செய்வது என்பது பொறியாளர் கேள்வி மட்டும் அல்ல. அதோடு வாழ்ந்தவர்களிடம் கேட்க வேண்டிய கேள்வி. நம்முடைய ஊரிலும் பழைய கோயிலுக்குப் பெயிண்ட் அடிப்பதிலிருந்து பழைய சர்ச்சை இடித்துப் பெரிதாகக் கட்டுவது வரை இதே கேள்வி வந்துகொண்டுதானே இருக்கிறது?

பெர்லின் போகும் வாய்ப்பு கிடைத்தால், மேற்கே நினைவு ஆலயத்துக்கு அருகிலிருந்து அலெக்சாண்டர்பிளாட்ஸ் போகும் 100-ஆம் எண் பஸ்ஸில் ஏறுங்கள். பேராலயங்கள் எல்லாம் அந்த வழியிலேயே அல்லது நடக்கும் தூரத்தில் வரும். பெர்னாவர் தெருவுக்கு மட்டும் தனியாக ஒரு அரை நாள் ஒதுக்குங்கள். மதியம் 12 மணிக்குள் போய்ச் சேர்ந்தால், அந்த மண் சுவருக்குள் உட்கார்ந்து ஒரு பெயரைக் கேட்டுவிட்டு வரலாம்.